டைல்ஸ் மூடும் முன்

"ஒண்ணும் ஆகாது சார், நான் இருக்கேன்ல."

பழைய குளியலறையை உடைத்துப் புதுசாக்கும் வீடுகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்துச் சுவர் ஓதம் காக்கும்போது அவர் ஓசூரிலோ பெங்களூரிலோ வேறு ஒரு சைட்டில் இருப்பார். போன் அடிக்கும், எடுக்கமாட்டார். அப்போது நம் கையில் மிஞ்சுவது அந்த வாக்கியம் மட்டும்தான்.

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கதைகள் மூன்று. ஒன்று: இரண்டாம் மாடிக்காரர் வாஷ்பேசினை எதிர்ச்சுவருக்கு மாற்றி, வெஸ்டர்ன் கிளாசெட்டை மூன்றடி நகர்த்துகிறார். பத்து வாரத்தில் கீழ் வீட்டு சீலிங்கில் பழுப்பு வட்டம் விழுகிறது. மேல் வீட்டுக்காரர் "கட்டடம் பழசு" என்கிறார். கீழ் வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்குப் போய், புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வருகிறார். ரசீது பீரோவில் இருக்கிறது, தண்ணீர் இன்னமும் சொட்டுகிறது.

இரண்டு: கடைசி மாடி வீடு. ஜி.ஐ. குழாயைப் பிடுங்கிவிட்டு சி.பி.வி.சி. போட்டார்கள். ஒரு வருடம் ஒரு சொட்டுக் கசிவில்லை. ஷவரில் தண்ணீர் வேகம் போதவில்லை என்று பிரஷர் பம்ப் மாட்டினார்கள். மறுவாரமே டைல்ஸுக்குப் பின்னால் ஒரு எல்போ கழன்றது.

மூன்று: புது ஃபிளாட், குடிவந்து மூன்றாவது வருடம். குளியலறையைத் தங்கள் ரசனைக்கு மாற்றிக்கொண்டார்கள். பிறகு வேறொரு சுவரில் ஓதம் வந்தது. கட்டிக்கொடுத்தவருக்கு எழுதினால், "குழாயைத் தொட்டது நீங்கள், இனி எங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது.

மூன்று வீட்டிலும் டைல்ஸ் அழகாகத்தான் இருந்தது. டைல்ஸ் தேர்வுசெய்ய நான்கு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கியவர்கள், அதற்குப் பின்னால் போகும் குழாயைப் பார்க்க நான்கு நிமிடம் ஒதுக்கவில்லை. இந்தக் கட்டுரையின் மொத்தச் செய்தியும் ஒரு வரிதான்: குழாய் கண்ணுக்குத் தெரியும்வரைதான் உங்களுக்கு உரிமை, ஆதாரம், மலிவான தீர்வு எல்லாம் உண்டு. டைல்ஸ் மூடியபின் மிஞ்சுவது உடைப்பும் வழக்கும்தான்.

எது உங்கள் குழாய், எது பொதுக் குழாய்?

"என் வீடு, என் பாத்ரூம், நான் உடைப்பேன்" என்பது பாதி உண்மை. உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கிளைக் குழாய்கள் உங்களுடையவை. மாடித் தொட்டியிலிருந்து டக்ட் வழியாக இறங்கும் பொதுக் குழாயும், எல்லா வீட்டுக் கழிவையும் சுமந்து இறங்கும் பெரிய குழாயும் அப்படியல்ல. தண்ணீர், கழிவுநீர் ஆகியவற்றின் பொது அமைப்புகள், தொட்டி, சம்ப், மோட்டார் எல்லாமே 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பொதுப் பகுதி என்று வரையறுக்கப்பட்டவை. டக்டுக்குள் கைவிட்டு ஒரு டீ மூட்டு போடுவதானாலும் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் "நாளை பாத்ரூம் வேலை, சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று போடுவது ஒப்புதல் ஆகாது. சங்கச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வீட்டு எண், வேலை தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்தச் சுவரில் எந்தக் குழாய் மாறுகிறது, எந்த நாளில் எத்தனை மணி நேரம் பொதுத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும், ஒப்பந்தக்காரரின் பெயரும் எண்ணும், இடிபாட்டை எங்கே கொட்டப்போகிறீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். கையால் ஒரு கோட்டுப்படம் வரைந்து இணைத்தால் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. இடிபாட்டுக்கு வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு, லிஃப்டில் சிமென்ட் மூட்டை ஏற்றக்கூடாது என்று சொல்வதோடு உங்கள் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். உங்கள் குடியிருப்பின் குழாய் வரைபடம் உங்களிடம் இருக்கிறதா? பெரும்பாலான சங்கங்களில் கிடையாது. கட்டியவரிடம் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்டதில்லை.

டைல்ஸ், சானிட்டரி சாமான், உட்குழாய் மாற்றும் வேலைக்கு மாநகராட்சியின் கட்டட அனுமதி தேவைப்படாது. தூண், விட்டம், தளம் மூன்றில் எதைத் தொட்டாலும் கதை வேறு. கிளாசெட்டை நகர்த்தத் தளத்தில் புது ஓட்டை போட வேண்டுமென்றால் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வ ஆலோசனை இல்லாமல் டிரில் மெஷினை உள்ளே விடாதீர்கள். விட்டத்தைக் குடைந்து குழாய் விடலாம் என்று எந்தப் பிளம்பர் சொன்னாலும் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சுவரைக் காடி வெட்டுவதற்கும் அளவு உண்டு. பாரம் தாங்கும் செங்கல் சுவருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905, நெடுக்காக வெட்டினால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழம் போகக்கூடாது என்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் கிடைக்காடி ஒன்றரை அங்குலம்தான். நாலரை அங்குலச் சுவரில் முக்கால் அங்குலம். குழாய் அதற்குள் அடங்குவதே கடினம். எனவே குழாயை மேலிருந்து கீழாக இறக்குங்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள்.

இன்னொரு காரியம், யாரும் செய்யாதது. வேலை தொடங்கும் முன் கீழ் வீட்டுக்குப் போய் அவர்களுடைய குளியலறை சீலிங்கைப் படம் எடுங்கள். அவர்கள் முன்னிலையிலேயே எடுத்து, அதே இடத்தில் அவர்களுக்கும் அனுப்புங்கள். ஏற்கெனவே இருந்த கறைக்கு நாளை உங்கள்மேல் பழி வராது. புதிதாக வந்த கறையை நீங்களும் மறுக்க முடியாது. இருவருக்கும் நல்லது.

கடையில் கேட்க வேண்டியவை

குழாயின்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். சுடுதண்ணீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் பொருந்தும் சி.பி.வி.சி. குழாயின் தர எண் ஐ.எஸ். 15778. பச்சைத்தண்ணீருக்கு மட்டும் பொருந்தும் யு.பி.வி.சி. அழுத்தக் குழாய்க்கு ஐ.எஸ். 4985. கழிவுநீர் இறங்கும் எஸ்.டபிள்யூ.ஆர். குழாய்க்கு ஐ.எஸ். 13592. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் யாருக்குக் கொடுத்த உரிமம், அது இப்போது செல்லுமா என்று தெரிந்துவிடும். கடை வாசலில் நின்றே பார்க்கலாம்.

சி.பி.வி.சி.யில் எஸ்.டி.ஆர். 11, எஸ்.டி.ஆர். 13.5 என்று இரண்டு வகை. எண் சிறியது என்றால் சுவர் கனமானது. சுவருக்குள் புதையும் குழாய்க்கு 11 வாங்குங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

கசிவில் பெரும்பங்கு குழாயில் வருவதில்லை, மூட்டில் வருகிறது. சி.பி.வி.சி.க்கு அதற்கான சொல்யூஷன் தனி, யு.பி.வி.சி.க்கு தனி. மீந்துபோன டப்பாவை வைத்து இரண்டையும் ஒட்டும் பிளம்பர்கள் உண்டு. அப்படி ஒட்டியது உடனே விடாது. வெந்நீர் ஓடி ஓடி ஒரு நாள் விடும். குழாய் முனையை நேராக அறுத்து, பிசிறு நீக்கி, துடைத்து, ஒட்டிக் கால் சுற்று சுற்றிச் சில நொடி பிடித்திருக்க வேண்டும். இவற்றைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். காலி டப்பாவைத் தூக்கி எறியாமல் படம் எடுத்து வையுங்கள்.

டேப்பும் டைவர்ட்டரும் மாட்டும் இடத்தில் பித்தளை உள்ள அடாப்டர்தான் வேண்டும். பிளாஸ்டிக் மறையில் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மறைக்கு டெஃப்லான் டேப் போதும். பழைய பழக்கத்தில் சணலும் பெயிண்டும் சுற்றினால் அதிலுள்ள எண்ணெய் சி.பி.வி.சி.யை நாளடைவில் அரித்துவிடும்.

கழிவு போகும் வழி

வரும் தண்ணீருக்கு அழுத்தம் உண்டு, போகும் தண்ணீருக்குச் சாய்வுதான் உண்டு. கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேண்டும். கிளாசெட்டை நான்கடி நகர்த்தினால் ஓர் அங்குலம் இறக்கம். தரைக்கடியில் அந்த இறக்கத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தபிறகே 'எதிர்ச்சுவரில் வைக்கலாம்' என்று முடிவெடுங்கள். இடமில்லாமல் நகர்த்திய கிளாசெட் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை எடுக்க யாரையாவது மலக்குழிக்குள் இறக்கினால், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல்முறைக்கே 2 ஆண்டு வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். சட்டம் கிடக்கட்டும், இறங்கியவர் உயிரோடு ஏறாமல் போன செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்.

தரையில் உள்ள நஹானி டிராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கும் கதவு. உயரம் பற்றவில்லை என்று டிராப் இல்லாமல் நேரே குழாயை இணைத்துவிட்டு, "வாசனை வந்தா ஆசிட் ஊத்துங்க" என்று சொல்லிப் போகிறார்கள். அவர்கள் போனபின் டைல்ஸை உடைக்காமல் அதைச் சரிசெய்ய வழியில்லை.

இரண்டு சோதனை, இரண்டையும் விடாதீர்கள்

முதலாவது அழுத்தச் சோதனை. எல்லா வாய்க்கும் டம்மி போட்டு, குழாயில் காற்றை வெளியேற்றித் தண்ணீர் நிரப்பி, கை பம்பால் 10 கிலோ அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கக்கூடாது. கடைசி மூட்டு ஒட்டி 24 மணி நேரம் ஆனபின்தான் இதைச் செய்ய வேண்டும். தண்ணீருக்குப் பதிலாக கம்ப்ரஸர் காற்றை ஏற்றிச் சோதிக்க விடாதீர்கள். பிளாஸ்டிக் குழாய் வெடித்தால் சில்லு கண்ணில் பாயும்.

"டேங்க் தண்ணியைத் திறந்து பார்த்தாச்சு சார், லீக் இல்லை" என்பார்கள். இதை ஏற்காதீர்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். கடைசி மாடியில் தொட்டி தலைக்குமேல் மூன்று மீட்டரில் இருந்தால், குழாயில் இருப்பது கால் கிலோவுக்குச் சற்று அதிகம். அதில் கசியாதது எதையும் நிரூபிக்காது. இரண்டாவது கதையில் வந்த கடைசி மாடி வீட்டில் நடந்தது இதுதான். அரைகுறையாக ஒட்டிய எல்போ ஒரு வருடம் தூங்கியது. பிரஷர் பம்ப் வந்ததும் எழுந்தது. பம்பைக் குறை சொன்னார்கள்.

இரண்டாவது, தண்ணீர் கட்டும் சோதனை. வாட்டர்புரூஃபிங் பூசிக் காய்ந்தபின், நஹானி டிராப்பை அடைத்து, வாசலில் சின்ன வரப்புக் கட்டி, இரண்டு அங்குலத் தண்ணீரைக் குறைந்தது 48 மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். கீழ் வீட்டு சீலிங்கை மறுபடி பாருங்கள், மறுபடி படம் எடுங்கள்.

மேஸ்திரி அவசரப்படுத்துவார். "ஆள் கூலி வீணாகுது" என்பார். இரண்டு நாள் கூலியை நீங்களே கொடுத்தாலும் லாபம்தான். மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டும் விட்டுவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது: இந்த இரண்டு சோதனையும் முடியாமல் ஒரு டைல்கூட ஏறக்கூடாது.

சோதனை முடிந்ததும் ஒவ்வொரு சுவரையும் டேப் விரித்து வைத்துப் படம் எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அங்குலம், மூலையிலிருந்து எத்தனை அங்குலம் என்று படத்தில் தெரிய வேண்டும். பிரதி எடுத்து மீட்டர் பெட்டிக்குள் ஒட்டுங்கள். நாளை டவல் ராடு மாட்ட வருபவர் நேராகக் குழாயில் ஆணி அடிக்காமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

குழாயோடு போகும் எர்த்

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் தனியாகச் சொல்கிறேன். பழைய வீடுகள் பலவற்றில் கீசரின் எர்த் கம்பியை ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் சுற்றிவைக்கும் வழக்கம் இருந்தது. அது அன்றைக்கும் தவறுதான். ஆனால் இரும்புக் குழாய் மண்ணுக்குள் போனதால் எப்படியோ ஓடியது. அந்தக் குழாயை அறுத்து நடுவில் இரண்டடி பிளாஸ்டிக் போட்ட அன்றே எர்த் போய்விட்டது. பிளம்பருக்கு அது தெரியாது, எலெக்ட்ரீஷியனை யாரும் கூப்பிடுவதில்லை. ஷாக் அடித்தபின்தான் தெரியும்.

ஜி.ஐ.யை மாற்றுகிறவர்கள் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, கீசருக்குத் தனி எர்த் கம்பி இழுத்து, 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டிக்கொண்டபின் குளிக்கப் போங்கள். கீசரின் பிரஷர் ரிலீஸ் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதை அடைக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அது சொட்டுவது உங்களைக் காப்பாற்றத்தான். அடைத்தால் கீசர் வெடிகுண்டாகும்.

மெட்ரோ வாட்டர் லைன், போர் லைன் இரண்டும் உள்ள வீடுகளில் இரண்டையும் ஒரே டீயில் சேர்த்துவிடும் தவறும் அடிக்கடி நடக்கிறது. வேலை முடிந்ததும் போர் லைன் வால்வை மூடிவிட்டு, எந்தெந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று திறந்து பாருங்கள். குடிக்கிற குழாயில் எது வருகிறது என்பது நாக்குக்குத் தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒரு பக்க ஒப்பந்தம்

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துத் தொடங்குவதுதான் நம் வழக்கம். ஒரு வெள்ளைத்தாள் போதும். அதில் எழுத வேண்டியவை: என்னென்ன வேலை, எந்தப் பிராண்டு, எந்தத் தர எண், இரண்டு சோதனையும் உரிமையாளர் முன்னிலையில் நடக்கும், சோதனைக்கு முன் டைல்ஸ் ஒட்டுவதில்லை, எத்தனை மாதத்துக்குள் கசிந்தால் உடைத்து, மாற்றி, அதே டைல்ஸை மறுபடி ஒட்டித் தருவது யார் பொறுப்பு, கீழ் வீட்டுச் சேதம் யார் பொறுப்பு. கடைசித் தவணையாகக் கணிசமான ஒரு தொகையை, வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத் தருவதாக எழுதுங்கள். இருவரும் கையெழுத்திடுங்கள்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். கூகுள் பே, போன்பே, வங்கிப் பரிமாற்றம் எதுவானாலும் குறிப்பில் "பாத்ரூம் குழாய் வேலை" என்று எழுதுங்கள். ரசீது இல்லாத இடத்தில் அந்த ஒரு வரிதான் ரசீது. இரண்டு பெட்டி டைல்ஸ் உபரியாக வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் அந்த டிசைன் கிடைக்காது.

கசிந்துவிட்டது. எங்கே போவது?

முதலில் எது கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். குளியலறை வால்வை இரவு முழுக்க மூடிவையுங்கள். சொட்டு நின்றால் வரும் குழாயில் கோளாறு. வால்வு திறந்திருந்தும் சொட்டாமல், யாராவது குளித்தால் மட்டும் சொட்டினால் கழிவுக் குழாய் அல்லது வாட்டர்புரூஃபிங். நஹானி டிராப்பில் நிறப்பொடி கரைத்து ஊற்றினால் கீழே நிறம் வருகிறதா என்று தெரியும். இந்த முடிவைத் தேதியோடு எழுதி வையுங்கள். காரணம் தெரியாமல் போடும் புகார் எந்த அலுவலகத்திலும் நகராது.

யார்மீது புகார் என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறும். இங்கேதான் பெரும்பாலோர் தவறான வாசலில் நின்று வருடங்களைத் தொலைக்கிறார்கள்.

வேலை செய்த ஒப்பந்தக்காரர்மீது என்றால் நுகர்வோர் சட்டம். முதலில் குறை, தேதி, 15 நாள் அவகாசம் குறித்துப் பதிவுத் தபாலில் கடிதம். ஒப்புகை அட்டை பத்திரம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசத்துக்கு முயல்வார்கள், தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம். ஒப்பந்தத் தாள், பணப் பரிமாற்றப் பதிவு, படங்கள், கடிதத்தின் நகல், ஒப்புகை அட்டை, சரிசெய்ய வேறொருவர் தந்த மதிப்பீடு ஆகியவற்றை இணையுங்கள். கைபேசிப் படங்களுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படியான சான்றும் தயாராக இருக்கட்டும். காலக்கெடு 2 ஆண்டு. "பார்க்கலாம், அண்ணன் வந்து சரிபண்றேன்னு சொல்லியிருக்கார்" என்று காத்திருந்தே கெடுவைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும். அண்ணன் வருவார் என்றாலும் கடிதத்தைப் போட்டு வையுங்கள்.

கட்டிக்கொடுத்த நிறுவனத்தின்மீது என்றால் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பு, வேலைத்தரம், சேவை வசதி ஆகியவற்றில் குறை தெரிந்து அறிவித்தால், 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் எம் படிவத்தில் புகார். இழப்பீடு வேண்டுமென்றால் தீர்வு அதிகாரியிடம் என் படிவம். இந்த 5 ஆண்டு முடியாத வீட்டில் இருப்பவர்கள் குழாயைத் தொடும் முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் வீட்டின் எல்லாச் சுவரையும் படம் எடுத்து, இருக்கும் குறைகளை எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுத் தொடுங்கள். மூன்றாவது கதையில் வந்த தம்பதி இந்த ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருந்தால் "நீங்கள் தொட்டீர்கள்" என்ற பதிலுக்கு அவர்களிடம் மறுபதில் இருந்திருக்கும்.

மேல் வீட்டுக்காரர்மீது என்றால் நுகர்வோர் ஆணையமும் இல்லை, ரியல் எஸ்டேட் ஆணையமும் இல்லை. அவர் உங்களுக்கு எதையும் விற்கவில்லை. சங்கத்துக்கும் அவருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, இருவரும் ஒப்பும் ஒரு பிளம்பரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நகரவில்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், வழக்குக்கு முந்தைய நிலையில் லோக் அதாலத்துக்கு மனுக் கொடுங்கள். கட்டணம் இல்லை. உதவி எண் 15100. அங்கே எட்டும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. அதற்கும் வராதவர்மீது சிவில் வழக்கு. வழக்கோடு சேர்த்து வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க மனுப் போட்டால், அவர் நேரில் வந்து பார்த்து அறிக்கை தருவார். கசிவு ஈரமாக இருக்கும்போதே அதைச் செய்யுங்கள், வெள்ளையடித்தபின் அல்ல.

காவல் நிலையம் இதற்கான இடமில்லை. "சிவில் மேட்டர்" என்று அவர்கள் சொல்வது இந்த விஷயத்தில் சரிதான். சி.எஸ்.ஆர். ரசீது குழாயை அடைக்காது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு: 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் சட்டத்தின் அட்டவணைப்படி, எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை, குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு, டேப்பும் அதன் வாஷரும் மாற்றுவது, கழிவு அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பொறுப்பு. சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரை நிறுத்த உரிமையாளருக்கு உரிமை இல்லை.

தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பும், தெருச் சாக்கடையோடு சேரும் இடமும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் வசம். அதைத் தனியார் பிளம்பர் தோண்டித் தொடக்கூடாது. உங்கள் வார்டின் பணிமனையில் எழுதிக் கொடுங்கள். புகார் எண் 1916. பணிமனையில் உதவிப் பொறியாளரைக் கேட்டால் "ஏ.இ. ஃபீல்டுக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கும் அதையே சொல்வார்கள். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகங்களில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. புகார் எண்ணோடு அங்கே போய் உட்காருங்கள். எண் இல்லாமல் வாயால் சொன்ன புகார், புகாரே அல்ல.

இவ்வளவு அலுவலகங்களும் ஒருவருக்குத் தேவைப்படுவது டைல்ஸ் மூடியபின்தான். அதற்கு முன் தேவைப்படுவது ஒரு கை பம்ப், ஒரு மீட்டர், இரண்டு நாள் பொறுமை.

உங்கள் வீட்டில் இப்போது வேலை நடக்கிறதென்றால் எழுந்துபோய்க் கேளுங்கள்: பிரஷர் போட்டாச்சா? தண்ணி கட்டியாச்சா? படம் எடுத்தாச்சா? மூன்றில் ஒன்றுக்கு "ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால், கையிலிருக்கும் டைல்ஸைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.